குடிக்கிறவர் வீட்டிலிருந்து வந்த கேள்விகளும் டாக்டரின் பதில்களும்

நான் பொது மருத்துவர். அரசு மருத்துவமனை வார்டுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இப்போது ஒரு குடிநோய் சிகிச்சைப் பிரிவில் நோயாளிகளைப் பார்க்கிறேன். பதில்களுக்குள் போகும் முன் ஒரு வேண்டுகோள். எதற்காக ஆஸ்பத்திரிக்குப் போனாலும், கால் உடைந்து போனாலும்கூட, "இவர் தினமும் குடிப்பார், கடைசியாகக் குடித்தது இந்த நேரம்" என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கீழே இதை இன்னும் சில தடவை சொல்வேன்.

சேலம் பக்கத்திலிருந்து ஒரு மனைவி: என் கணவர் பல வருடமாகத் தினமும் இரண்டு குவாட்டர் குடிக்கிறார். போன கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டு அன்றோடு நிறுத்தினார். இரண்டாம் நாளே வலிப்பு வந்துவிட்டது. சாமி குத்தம் என்று மாலையைக் கழற்ற வைத்தார்கள். இந்த வருடமும் மாலை போடுகிறேன் என்கிறார். பயமாக இருக்கிறது.

அம்மா, அது சாமி குத்தம் இல்லை. மதுவை ஒரேயடியாக நிறுத்தியதால் வந்த வலிப்பு. மது மூளையை மந்தமாக்கும். தினமும் குடிக்கிறவரின் மூளை அதை ஈடுகட்ட எந்நேரமும் முறுக்கேறியே இருக்கப் பழகிவிடும். திடீரென்று மது நின்றால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சும். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை என்று முதல் நாளே தொடங்கிவிடும். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். அதைவிட மோசமானது இரண்டாம் நாளுக்கு மேல் வரும் சித்தக் குழப்பம். ஆள் இருக்கும் இடம் தெரியாது, இல்லாத பூச்சியெல்லாம் கண்ணுக்குத் தெரியும், காய்ச்சலும் படபடப்பும் ஏறும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம்.

வார்டில் ஒரு கொத்தனாரைப் பார்த்தேன். சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து வந்தவர். குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டதற்கு, வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டார் இல்லவே இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் இரவு கட்டிலில் எழுந்து உட்கார்ந்து பக்கத்துச் சுவரில் பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையில் இல்லாத சட்டி, வலது கையில் இல்லாத கரண்டி. "கலவை இறுகுது, தண்ணி கொண்டா" என்று பக்கத்துக் கட்டில்காரரை அதட்டினார். பேய் பிடித்துவிட்டது என்று அவர் அம்மா திருநீறு பூசினார். அதன் பிறகுதான் உண்மையைச் சொன்னார்கள். முதல் நாளே சொல்லியிருந்தால் மாத்திரையிலேயே தடுத்திருக்கலாம்.

உங்கள் கணவர் தாராளமாக மாலை போடட்டும். நல்ல வாய்ப்பு அது. ஆனால் அதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். போன வருடம் வலிப்பு வந்ததை மறக்காமல் சொல்லுங்கள். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரும் ஆபத்து அதிகம் என்பதால் சில நாள் உள்நோயாளியாக வைத்துக்கொள்வார்கள். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையை முழு அளவில் தொடங்கி ஒரு வாரம், பத்து நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்ற பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள்.

இன்னொன்று. மயங்கிக் கிடந்தால் தெருமுனை கிளினிக்கில் "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்பது நம் வழக்கம். தயமின் குறைந்துபோன உடம்பில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கலாம், நினைவு நிரந்தரமாகப் போகலாம். அதனால்தான் அங்கேயும் குடியை மறைக்காதீர்கள் என்கிறேன்.

ஒரு பாட்டி, மதுரை: பேரனுக்கு எட்டு மாதம். சளிக்கு அரை ஸ்பூன் பிராந்தி கொடுக்கலாமா? எங்கள் காலத்தில் கொடுத்திருக்கிறோம்.

கொடுக்கவே கூடாது. கைக்குழந்தைக்கு மது போனால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கி வலிப்பு வரும். நெஞ்சில் தேய்ப்பதும் வேண்டாம். பிரசவமான பெண்ணுக்குக் கொடுக்கும் பிராந்தியையும் இதோடு நிறுத்திவிடுங்கள், தாய்ப்பாலில் வரும்.

ஒரு தங்கை, விழுப்புரம்: அண்ணனுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்க ஒரு பொடி விற்கிறார்கள். குடியை மறந்துவிடுவாராம். வாங்கலாமா?

வாங்காதீர்கள். பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. டாக்டர்கள் எழுதும் டைசல்பிரம் மாத்திரையைத் தெரியாமல் கலக்கிற வீடுகளும் உண்டு. அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும். இதய நோய் இருந்தால் இறந்தும் போகலாம். தெரிந்து, சம்மதித்துச் சாப்பிடுகிறவருக்கு அது நல்ல மருந்து. நிறுத்தி இரண்டு வாரம் வரை குடிக்கக் கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போல் கடைக்குப் போவார். வீட்டுக்குத் திரும்பாமலும் போகலாம்.

கோவை, ஐடி ஊழியர்: நான் பீர் மட்டும்தான். அது பிரச்சினை இல்லைதானே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 180 மில்லி குவாட்டரில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. எட்டு சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 41 கிராம். ஒன்றரை பாட்டில் பீர் குடித்தால் ஒரு குவாட்டர் குடித்த கணக்குத்தான். ஈரல் பாட்டில் பெயரைப் பார்ப்பதில்லை.

நாமக்கல், லாரி ஓட்டுநர்: ராத்திரி பத்து மணிக்கு ஒரு குவாட்டர் போட்டுத் தூங்கிவிடுவேன். காலை நாலு மணிக்கு வண்டி எடுப்பேன். தூங்கினால் இறங்கிவிடும்தானே?

தம்பி, நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. 65 கிலோ எடையுள்ள ஆண் ஒரு குவாட்டரை மளமளவென்று குடித்தால் 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 130 மில்லிகிராமுக்கு மேல் ஏறும். இறங்குவது மணிக்குச் சுமார் 15 தான். சட்டம் அனுமதிக்கும் அளவு 30. அதற்குக் கீழே வர ஏழு மணி நேரமாவது ஆகும். நாலு மணிக்கு ஊதச் சொன்னால் மாட்டுவீர்கள். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். போலீஸ் நிற்காத சாலையிலும் உங்கள் பிரேக் தாமதமாகத்தான் விழும். குளியல், மோர், எலுமிச்சை, கடுங்காப்பி எதுவும் அந்த 15-ஐ 20 ஆக்காது. இரண்டு குவாட்டர் என்றால் மறுநாள் மாலைவரை வண்டியைத் தொடாதீர்கள்.

வேலூர்: பீர் குடித்தால் கிட்னி கல் கரையும் என்கிறார்களே?

கரையாது. சிறுநீர் அதிகம் போகும், அதற்குத் தண்ணீரே போதும்.

கல்வராயன் மலை அடிவாரத்திலிருந்து ஓர் ஆசிரியர்: பாக்கெட் சாராயத்தில் மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வழி உண்டா? தீ வைத்துப் பார்த்தால் தெரியும் என்கிறார்கள்.

ஐயா, தீக்குச்சி, மூக்கு, நாக்கு எதை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வகத்தில்தான் தெரியும். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேல். எல்லாம் மெத்தனால்.

மெத்தனால் ஈரலுக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறும்போதுதான் விஷமாகிறது. அதற்கு நேரம் பிடிக்கும். குடித்தபோது வழக்கமான போதைதான் இருக்கும். 12 மணி முதல் 24 மணி நேரம் கழித்து வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு. கண்ணெதிரே பனி மூடியதுபோல் தெரியும். சாதாரண மதுவும் சேர்த்துக் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும். "நேற்றுக் குடித்தது, இன்று வயிறு சரியில்லை" என்று வீட்டிலேயே படுத்துவிடுகிற நேரம் இதுதான். பத்து மில்லி மெத்தனால்கூடப் பார்வையைப் பறிக்கலாம்.

கண் மங்குகிறது என்று ஒருவர் சொன்னால் உடனே 108-ஐ அழையுங்கள். அதோடு அவருடன் யார் யார் குடித்தார்கள், அதே இடத்தில் யார் யார் வாங்கினார்கள் என்று விசாரித்து அத்தனை பேரையும் அனுப்புங்கள், நன்றாக இருக்கிறேன் என்றாலும் சரி. முன்கூட்டியே வந்தவருக்கு விஷமுறிவு மருந்தும் டயாலிசிஸும் நன்றாக வேலை செய்யும். பிராந்தி கொடுத்தால் முறியும் என்று கேள்விப்பட்டு வீட்டில் ஊற்றிக்கொடுத்து உட்கார்ந்திருக்காதீர்கள். ரத்தப் பரிசோதனை பார்த்து அளந்து செய்ய வேண்டிய வேலை அது. போலீஸ் கேஸாகும் என்ற பயத்தில் "என்னவோ சாப்பிட்டது ஒத்துக்கலை" என்று டாக்டரிடம் சொல்லாதீர்கள். காப்பாற்றக்கூடிய நேரம் தவறிவிடும்.

ஈரோடு, விவசாயி: கள் உணவு. அதைத் தடை செய்துவிட்டு ரசாயனச் சாராயத்தை விற்கிறார்கள். உங்களைப் போன்ற டாக்டர்கள் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதுதான் தவறு.

ஒன்றாகப் பார்க்கவில்லை. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்குவது பதநீர், அதில் போதை இல்லை. சுண்ணாம்பில்லாத கலயத்தில் காற்றிலிருக்கும் ஈஸ்ட் விழுந்து இரவே புளிக்கத் தொடங்கிவிடும். வெயில் ஏற ஏற ஆல்கஹாலும் ஏறும். பொதுவாக நாலைந்து சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து சதவீதக் கள் ஒரு லிட்டரில் சுமார் 40 கிராம் ஆல்கஹால். அதில் சத்தும் இருக்கிறது, மறுக்கவில்லை. பி1 சத்தைக் குடல் உறிஞ்சவிடாமல் செய்வதும் அதே ஆல்கஹால்தான்.

அவரே மீண்டும்: என் தாத்தா தினமும் கள் குடித்து 90 வயது வரை ஏர் பிடித்தார். கேரளாவில் கள்ளுக்கடை இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. அங்கெல்லாம் மக்கள் செத்தா போய்விட்டார்கள்?

உங்கள் தாத்தாவுக்கு என் வணக்கம். அதே ஊரில் வயிறு வீங்கி ஐம்பதுக்குள் போனவர்களின் பேரன்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். கேரளாவைச் சொன்னீர்கள். 2010 செப்டம்பரில் மலப்புரம் மாவட்டத்தில் கள்ளில் மெத்தனால் கலந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தெலங்கானாவில் கள்ளில் அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரையைக் கலந்து பிடிபடுவது அடிக்கடி நடக்கிறது. அப்படிப் பழகியவர்களுக்குக் கள் நின்றதும் வலிப்பு வருகிறது. மரத்தடியில் குடித்த தாத்தாவுக்கு இந்த ஆபத்து இல்லை. கடைக்கு வரும் கள் வேறு.

தூத்துக்குடி, பனையேறியின் மகன்: டாக்டர், சத்தெல்லாம் பேசிவிட்டீர்கள். 1987-லிருந்து தடை. அப்பா பதநீர் இறக்கினாலும் கலயத்தை முகர்ந்து பார்த்து வழக்குப் போடுகிறார்கள். கள்ளைத் திறந்துவிட்டிருந்தால் கருணாபுரத்தில் அந்தப் பாக்கெட்டை யார் வாங்கியிருப்பார்கள்?

தம்பி, இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பனையேறிக் குடும்பங்கள் பட்ட பாட்டை நான் குறைத்துப் பேச மாட்டேன். கள்ளைத் தடுத்துவிட்டுத் தெருவுக்குத் தெரு 42.8 சதவீதச் சரக்கை விற்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. அனுமதி கொடுத்தால், கலயத்துக்குக் கலயம் சோதனை இருந்தால், நான் எதிர்த்து நிற்க மாட்டேன். ஆனால் கள்ளச்சாராயச் சாவு அத்தோடு ஒழியும் என்று உறுதி சொல்ல என்னால் முடியாது. முழு மதுவிலக்கு உள்ள குஜராத்தில் 2022 ஜூலையில் போட்டாட் பக்கம் நாற்பதுக்கும் மேல் இறந்தார்கள். கள் திறந்த மலப்புரத்திலும் இறந்தார்கள். விலை மலிவாக, போதை கடுமையாக வேண்டும் என்கிறவரை மெத்தனால் வியாபாரி தேடி வருகிறான். உங்கள் அப்பாவின் தொழிலுக்காகப் பேசுங்கள், நானும் சேர்ந்து பேசுகிறேன். உணவு என்று சொல்லிப் பிள்ளைகளுக்கு மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

கள் பற்றி இன்னும் பலர் எழுதியிருக்கிறார்கள். இதற்கு மேல் அதில் போகப் போவதில்லை, நோயாளிகளின் கேள்விகள் காத்திருக்கின்றன.

திருப்பூர்: வெயில் காலத்தில் பீர் உடம்புச் சூட்டைக் குறைக்குமா?

குறைக்காது. உடம்பிலுள்ள தண்ணீரை வெளியேற்றும். பீர் பற்றி மேலே சொல்லிவிட்டேன், படியுங்கள்.

கடலூர்: எந்த பிராண்டு உடம்புக்கு நல்லது?

ஒன்றும் இல்லை.

தஞ்சாவூர்: அப்பாவுக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லி கொடுக்கிறோம். குடியைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்.

குறைத்தால் போதாது, முழுக்க நிற்க வேண்டும், அதுவும் மருத்துவமனையில் வைத்து. குடிக்கிறவருக்குக் கண் மஞ்சளானால் ஈரல் அழற்சியாகவோ சுருக்கமாகவோ இருக்கலாம். தார் போல் கறுப்பாக மலம் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ அந்த நிமிடமே கிளம்புங்கள். கீழாநெல்லியை நம்பி ஒரு வாரம் தள்ளிப்போட்டு வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

திருநெல்வேலி: அண்ணன் சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார். எப்போதாவது குடிப்பார்.

வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை இறங்கி மயங்குவார். வாயில் மது வாடை அடிப்பதால் போதை என்று நினைத்துத் திண்ணையிலேயே விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள், மயக்கத்தில் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். வந்தவர்களிடம் இன்சுலின், மது இரண்டையும் சொல்லுங்கள்.

ஊர் வேண்டாம் என்ற ஒரு பெண்: குடித்துவிட்டு அடிக்கிறார். சிகிச்சைக்கு வர மாட்டேன் என்கிறார்.

முதலில் உங்கள் பாதுகாப்பு, அப்புறம்தான் அவர் சிகிச்சை. 181 பெண்கள் உதவி எண். எந்நேரமும் பேசலாம். அவர் வராவிட்டாலும் நீங்கள் மட்டும் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் ஆலோசனை கேட்கலாம்.

சென்னை: தம்பி சிகிச்சை எடுத்து எட்டு மாதம் தொடாமல் இருந்தான். ஒரு கல்யாண வீட்டில் மறுபடி ஆரம்பித்துவிட்டான். எல்லாம் வீணா?

வீண் இல்லை. இது திரும்பத் திரும்பத் தலைதூக்கும் நோய். சர்க்கரை ஏறியவரை மறுபடி டாக்டரிடம் கூட்டிப் போகிறோமே, அப்படியே இவரையும் கூட்டிப் போங்கள். ஒன்று மட்டும் கவனம். இடைவெளி விட்டவருக்குப் பழைய அளவைத் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். முன்பு குடித்த அதே அளவு இப்போது மூச்சையே நிறுத்தலாம். திட்டினால் மறைந்து குடிப்பார், அதனால் திட்ட வேண்டாம். எப்போது தொடங்கினார், எவ்வளவு குடிக்கிறார், டைசல்பிரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாரா என்று எழுதி, பழைய சீட்டையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே அதே பிரிவுக்குப் போங்கள்.