துவக்கின் மேல் கண்ணாடி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, என் அண்ணன் மகன் டெக்சாஸில் இருக்கிறான், அந்த நாட்டுப் பிரஜையாகியும் விட்டான். சனி, ஞாயிறு வந்தால் சுடும் மைதானத்துக்குப் போய்ப் பழகுவான். இப்போது ‘ஸ்பிரிங்ஃபீல்ட் எச்சலொன்’ என்ற 9 மி.மீ. பிஸ்டலின் படத்தை அனுப்பி, “சித்தப்பா, இதை வாங்கட்டா, குளொக் வாங்கட்டா, வோல்தர் வாங்கட்டா, அந்த ஆயுதப் பழுது பார்க்கிற ஐயாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்” என்கிறான். ‘ஒப்டிக்ஸ் ரெடி’ என்று போட்டிருக்கிறதே, அது என்னவென்றே எனக்கு விளங்கவில்லை.
– வாசகர், ஹட்டன்

பதில்: தம்பி, முதலில் உங்களுக்குச் சொல்கிறேன், பிறகு பிள்ளைக்கு. பிஸ்டலின் மேல்பாகம், அதாவது சுடும்போது பின்னால் ஓடித் திரும்பி வருகிற ஸ்லைட், அதில் ஒரு பள்ளம் வெட்டி, திருகு போடத் துளைகளும் வைத்து விற்றால் அதுதான் ‘ஒப்டிக்ஸ் ரெடி’. அந்த இடத்தில் ‘ரெட் டொட்’ என்ற சின்னக் கண்ணாடியைப் பூட்டலாம். முன்குறி, பின்குறி இரண்டையும் வரிசைப்படுத்தி ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற வேலை இல்லை, இரண்டு கண்ணும் திறந்திருக்க, கண்ணாடியில் தெரிகிற சிவப்புப் புள்ளியை இலக்கில் வைத்தால் போதும். வயதாகி முன்குறி மங்கலாகத் தெரிகிற என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி. ‘ஸ்ட்ரைக்கர்’ வகை என்பது வெளியே தெரிகிற சுத்தியல் இல்லாத பிஸ்டல். உள்ளே வில்லில் இழுபட்டு நிற்கிற ஊசி நேரே போய் ரவையின் அடியில் குத்தும். 1982-இல் ஒஸ்திரிய இராணுவம் குளொக் 17-ஐ எடுத்ததிலிருந்து உலகம் அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டது.

சரி, இப்போது பிள்ளைக்கு. அவன் பட்டியலில் இருக்கிற மூன்றுமே ஒழுங்காகச் சுடக்கூடிய பிஸ்டல்கள்தான், ரவைக்கூட்டில் 17, 18 என்று ஒரே கணக்கில்தான் போகும், எச்சலொனுக்கும் குளொக் 17-க்கும் குழல் நீளம்கூட ஒன்றுதான், 114 மி.மீ. அந்த எண்களை ஒப்பிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தக் கண்ணாடி எதன் மேல் உட்காருகிறது? ஸ்லைட்டின் மேல் நேராகவா, அல்லது நடுவில் ஒரு தகடு வைத்து அதன் மேலா?

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மகளைப் பார்க்க மெல்பேர்ன் போயிருந்தபோது மருமகன் தன் கிளப்புக்கு அழைத்துப் போனார், அங்கே ஒருவர் பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்ய, தகடு வைத்துக் கண்ணாடி பூட்டிய ஒரு பிஸ்டலில் சுட்டேன். 25 மீற்றரில் முதல் பத்து ரவையும் ஒரு தேயிலைக் கோப்பைக்குள் அடங்கின. அதன் பிறகு எல்லாம் இடப்பக்கமாக நகர ஆரம்பித்தன, கடைசியில் ஒரு சாண் தள்ளிப் போய் நின்றன. விசை இழுப்பையும் பிடியையும் மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. ரவையெல்லாம் இறக்கி வெறுமையாக்கிவிட்டுக் கண்ணாடியைக் கட்டைவிரலால் மெல்லத் தள்ளினேன், ஆடியது. கண்ணாடியை தகட்டோடு பிடிக்கிற திருகு இறுக்கமாகத்தான் இருந்தது, தகட்டை ஸ்லைட்டோடு பிடிக்கிற திருகுதான் கழன்றிருந்தது. தையல் ஊசிப் பருமனுக்குக் கொஞ்சம் கூட இருக்கும் அந்தத் திருகு, அதில் பசை போட்ட அடையாளமே இல்லை. ஒவ்வொரு வெடிக்கும் ஸ்லைட் பின்னால் அடித்து முன்னால் மோதுகிறது, அந்த அதிர்ச்சி முழுவதையும் வாங்குவது இந்த இரண்டு சின்னத் திருகுகள்தான். நடுவில் தகடு இருந்தால் கழலக்கூடிய இடம் ஒன்றுக்கு இரண்டாகிறது.

2023 ஜூலையில் வந்த எச்சலொன் இந்த இடத்தில்தான் மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது. பள்ளத்தில் இடத்துக்கு இடம் மாற்றி வைக்கக்கூடிய ஊசிகளைக் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடியின் அடி எந்த வடிவமோ அதற்கேற்ற துளையில் ஊசியை வைத்து, மேலே கண்ணாடியை இறக்கித் திருகினால், ஊசிகள் பக்கவாட்டில் நெருக்கிப் பிடித்துக்கொள்கின்றன. முப்பதுக்கும் மேற்பட்ட கண்ணாடிகளைத் தகடில்லாமலே பூட்டலாம் என்கிறது கம்பனி. எய்ம்பொயின்ட் கம்பனியின் ஏக்ரோ என்ற கண்ணாடி மாதிரியான ஒரு வகைக்கு மட்டும் அதுவும் தகடு கேட்கும். உண்மையில் இதைச் செய்வது குரோஷியாவின் கார்லோவாட்ஸில் இருக்கிற எச்எஸ் புரொடுக்ட் என்ற தொழிற்சாலை, ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கம்பனி தன் பெயர் போட்டு விற்கிறது. தொடரிலக்கம் உள்ளே இருக்கிற உலோகக் கூட்டில் இருப்பதால் பிளாஸ்டிக் பிடியை மட்டும் கைக்கேற்ற அளவில் மாற்றிக்கொள்ளலாம். வெளிவந்தபோது கம்பனி போட்ட விலை 679 டொலர்.

குளொக் 2015-இல் ‘எம்ஓஎஸ்’ என்று கண்ணாடி பூட்டும் வசதியைக் கொண்டுவந்தது, அது முழுக்கத் தகட்டு முறை. பெட்டியோடு வருகிற தகடுகள் மெல்லியவை, அதனால் நிறையப் பேர் வெளியில் நல்ல தகடாக வாங்கிப் போடுகிறார்கள். ஆனால் குளொக்குக்கு உதிரிப்பாகம், ரவைக்கூடு, உறை எதுவும் எந்த ஊரிலும் கிடைக்கும், பழுது பார்த்த கையாக அதன் பெறுமதி எனக்குத் தெரியும். 2021-இல் வந்த வோல்தர் பிடிபிக்கும் தகடு வேண்டும், ஆனால் விசை அருமை. இழுக்கும்போது கொஞ்ச தூரம் லேசாக வந்து, ஒரு இடத்தில் சுவர் போல நின்று, அங்கிருந்து சட்டென்று விடுபட்டுச் சுடும். விசையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதென்றால் வோல்தர்தான். ஸ்மித் அன்ட் வெசன் எம்அன்ட்பி 2.0-வையும் அவன் பார்த்திருப்பான், நல்ல பிஸ்டல், ஆனால் அதோடு வருகிற தகடுகள் பிளாஸ்டிக், எனக்கு மனம் ஒப்பவில்லை.

என் முடிவு இது. ரெட் டொட் போடத்தான் போகிறான் என்றால் எச்சலொன். கண்ணாடி இப்போதைக்கு வேண்டாம், பார்ப்போம் என்று இழுக்கிறான் என்றால் குளொக்.

இன்னொன்று. புதிதாக வந்த எந்தத் துவக்கையும் முதல் வருடம் வாங்காதே என்பது நான் பழக்கிய பையன்களுக்கெல்லாம் சொன்னது. சிக் கம்பனியின் பி320 என்ற பிஸ்டலை அமெரிக்க இராணுவமே 2017 ஜனவரியில் தெரிவு செய்தது. அதே வருடம் ஓகஸ்ட்டில், சில கோணங்களில் கீழே விழுந்தால் தானாக வெடிக்கிறது என்று தெரியவந்து, பொதுமக்களிடம் விற்றதற்கெல்லாம் உள்பாகங்களை மாற்றித் தருகிறோம் என்று கம்பனி அறிவிக்க வேண்டி வந்தது. எச்சலொன் அந்த முதல் வருடத்தைத் தாண்டிவிட்டது.

வாங்கினால், கண்ணாடி பூட்டும்போது திருகில் இருக்கிற எண்ணெயை நன்றாகத் துடைத்து, லொக்டைட் என்ற திருகு கழலாமல் பிடிக்கும் பசையில் நீல நிறத்தது ஒரு சொட்டு விட்டு, கம்பனி சொன்ன அளவுக்கு மட்டும் அதற்குரிய அளவுத் திருப்புளியால் இறுக்கச் சொல்லுங்கள். பலங்கொண்டு இறுக்கினால் திருகின் கழுத்தே முறியும். அப்புறம் திருகின் தலையிலிருந்து கண்ணாடியின் உடல் வரைக்கும் கியூட்டெக்ஸால் ஒரு கோடு. அந்தக் கோடு நேராக இருக்கும்வரை திருகு அசையவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பனியில் மூக்குக்கண்ணாடியே வேலை செய்வதில்லை. துப்பாக்கிக் கண்ணாடி மட்டும் எப்படி வேலை செய்யும்?
– வாசகி, நுவரெலியா

பதில்: அம்மா, நல்ல கேள்வி, கண்ணாடியை விற்கிறவர்கள் சொல்லாத விஷயம் இது. விடியக் குளிரில் நின்றுவிட்டுத் தேயிலைத் தொழிற்சாலையில் காய்ச்சும் அறைக்குள் நுழைந்தால் மூக்குக்கண்ணாடி எப்படிப் படாரென்று வெளுத்துப் போகுமோ, ரெட் டொட்டும் அப்படித்தான் போகும். மழையில் இன்னொரு தொல்லை. திறந்த வகைக் கண்ணாடிகளில் புள்ளியை வீசுகிற சின்ன விளக்கு பின்னால் ஒரு குழிக்குள் வெளியே திறந்தபடி இருக்கும், அதன் மேல் ஒரு துளி தண்ணீர் உட்கார்ந்தால் புள்ளி நட்சத்திரம் போலச் சிதறும், அல்லது காணாமலே போகும். மூடிய வகையில், 2019-இல் எய்ம்பொயின்ட் கொண்டுவந்த ஏக்ரோ மாதிரி, விளக்கு இரண்டு கண்ணாடிக்கு நடுவே அடைபட்டிருக்கும். வெளிக்கண்ணாடியில் பனி படிந்தாலும் விரலால் ஒரு தடவை துடைத்தால் தீர்ந்தது. ஈரமான ஊருக்கு மூடிய வகை என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. பற்றரி மாற்றும் இடத்தையும் பாருங்கள். சிலவற்றில் பற்றரி அடியில் இருக்கும், அதை மாற்றக் கண்ணாடியையே கழற்ற வேண்டும், பூட்டியபின் திரும்பவும் சுட்டுச் சரிபார்க்க வேண்டும். பக்கத்திலோ மேலேயோ மூடி வைத்தது நல்லது.

கேள்வி: உருளைக்கிழங்குத் தோட்டத்தைப் பன்றி கிளறுகிறது. பிஸ்டலுக்கு அனுமதி கிடைக்குமா?
– வாசகர், வெலிமடை

பதில்: கிடைக்காது, பன்றிக்குப் பிஸ்டல் சரியான ஆயுதமும் அல்ல. பயிர்ப் பாதுகாப்புக்கென்று மாவட்டச் செயலகம் வழியாக அனுமதி தருவது ஷொட்கன்னுக்கு, அதையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். தனிநபர் பாதுகாப்புக்கான பிஸ்டல் பாதுகாப்பு அமைச்சின் கையில் இருக்கிறது, 2024 கடைசியில் கொடுத்தவற்றையே திரும்ப ஒப்படைக்கச் சொல்லி மீளாய்வு செய்தார்கள். தயவுசெய்து மிருகம் பட்டால் தானாக வெடிக்கிற கட்டுத்துவக்கோ கம்பிச் சுருக்கோ வைக்காதீர்கள். சுருக்கில் மாட்டிச் செத்த சிறுத்தைகள் நம் மலைநாட்டில் போதும் போதும் என்ற அளவுக்கு ஆகிவிட்டன, கட்டுத்துவக்கில் காலை இழந்தவர்கள் விறகு பொறுக்கப் போன சனங்கள்.

கேள்வி: என் மகன் மெல்பேர்னில் ஒரு சுடும் கிளப்பில் சேர்ந்திருக்கிறான். அவனும் எச்சலொன் வாங்கலாமா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: அமெரிக்கச் சட்டம் வேறு, அங்கே வேறு. அவுஸ்திரேலியாவில் கிளப்காரர் வைத்திருக்கிற அரைத் தன்னியக்கப் பிஸ்டலின் குழல் 120 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது, ரவைக்கூட்டில் பத்துக்கு மேல் போடவும் கூடாது. எச்சலொனின் 114 மி.மீ. குழல் அங்கே செல்லாது. அந்த ஆறு மில்லிமீற்றருக்காகவே குளொக் ‘17ஏ’ என்று 120 மி.மீ. குழலோடு ஒன்றைத் தனியாகச் செய்து விற்கிறது. வோல்தர் பிடிபியில் 5 அங்குலக் குழல் உள்ளதும் இருக்கிறது, அது 127 மி.மீ. வரும். எப்படியும் முதல் ஆறு மாதத்துக்குச் சொந்தமாக வாங்க விடமாட்டார்கள், அதுவரை கிளப்பின் பிஸ்டல்களில் தகடு வைத்ததையும் நேராகப் பூட்டியதையும் மாறி மாறிச் சுட்டு, ஒவ்வொரு முறையும் முடிந்ததும் துவக்கை வெறுமையாக்கிவிட்டுக் கண்ணாடியைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள்.