அப்பாவை ஐசியுவில் பார்ப்பது எந்த டாக்டர்?

கேள்வி: எங்கள் ஊர் வெல்லாவெளிப் பக்கம். எலிக்காய்ச்சல் வந்து சிறுநீரும் போகாமல், மூச்சும் எடுக்க முடியாமல் போன அப்பா, மட்டக்களப்பில் ஐசியுவில் செயற்கைச் சுவாசத்தில் இருக்கிறார். தினமும் வேறு வேறு டாக்டர்மார் வருகிறார்கள். ஒருவர் சேலைன் தேவை என்றார், அடுத்த நாள் இன்னொருவர் குறைக்க வேண்டும் என்றார். ஆபரேஷனே இல்லாதபோது மயக்க மருந்து டாக்டர் எதற்கு? அறிவில்லாமல் கிடப்பவரின் கால்களை ஒருவர் மடக்கி மடக்கி நீட்டுகிறார். யாரிடம் கேட்பது? தம்பி வேறு, வயலை விட முடியாது என்று நிற்கிறான்.

பதில்: தங்கச்சி, இலங்கையில் பல ஐசியுக்கள் மயக்க மருந்து நிபுணர்களின் பொறுப்பில்தான் நடக்கின்றன. 1952இல் கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவி, மூச்சுத் தசைகள் செயலிழந்து பலர் இறந்துகொண்டிருந்தார்கள். பியோன் இப்சன் என்ற மயக்க மருந்து மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்துக் காற்றுப் பையைக் கையால் அழுத்தச் சொன்னார். மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு இரவு பகலாக அழுத்தினார்கள். இன்றைய ஐசியு அங்கிருந்து வளர்ந்ததுதான். ஆகவே பயப்பட வேண்டாம், அப்பாவின் மூச்சுக்குப் பொறுப்பானவர் அந்த மயக்க மருந்து டாக்டர்தான்.

சேலைன் விஷயத்துக்கு வருவோம். எலிக்காய்ச்சல் முற்றினால் சிறுநீரகமும் நுரையீரலும் ஒன்றாகப் பழுதுபடலாம். திரவம் போதாவிட்டால் சிறுநீரகம் மேலும் கெடும், கூடிவிட்டால் நுரையீரலில் நீர் கோக்கும். நேற்றுச் சரியாக இருந்த அளவு இன்று கூடுதலாகிவிடலாம். சிறுநீரக நிபுணர் ஒரு பக்கம் பார்ப்பார், மூச்சைப் பார்ப்பவர் மறுபக்கம். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை எல்லா வயலையும் பார்த்துத்தானே மடையைத் திறப்பார்? அப்படித்தான் எல்லாரும் பேசி முடிவெடுப்பார்கள். அந்தப் பேச்சில் பாதியை மட்டும் கேட்டால் சண்டைபோல இருக்கும்.

என்னைக் கேட்டால், அங்கே மிகக் கூர்மையான கண் தாதியினுடையது. மணிக்கு மணி சிறுநீரை அளப்பது, வாயைச் சுத்தம் செய்வது, படுக்கைப் புண் வராமல் புரட்டிவிடுவது எல்லாம் அவர் கையில். கட்டிலின் தலைப்பக்கம் சாய்வாக உயர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் ஏறாமல் இருக்கத்தான் 30 முதல் 45 பாகை வரை உயர்த்துகிறார்கள். காலை ரவுண்ட்ஸில் "இரவு பன்னிரண்டுக்குப் பிறகு சிறுநீர் குறைந்துவிட்டது" என்று மிஸ்ஸி சொல்லும் ஒரு வரி அன்றைய சேலைன் கணக்கையே மாற்றிவிடும்.

கால்களை மடக்கி நீட்டுபவர் இயன்மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட். அசையாமல் கிடந்தால் முதல் வாரத்திலேயே தசை கரையத் தொடங்கும், மூட்டு இறுகும். நெஞ்சுச் சளியை வெளியேற்ற உதவுவதும் அவர்தான். சிறுநீரகம் வேலை செய்யாதபோது எந்த மருந்தின் அளவைக் குறைப்பது என்று மருந்தாளர் பார்ப்பார், எந்த நுண்ணுயிர்க்கொல்லி போதும் என்று நுண்ணுயிரியல் நிபுணர் சொல்வார்.

யாரிடம் கேட்பது? எந்த நிபுணரின் பொறுப்பில் அனுமதித்திருக்கிறார்கள், குடும்பத்தாரோடு எத்தனை மணிக்குப் பேசுவார்கள் என்று பொறுப்புத் தாதியிடம் கேளுங்கள். வீட்டிலிருந்து ஒரே ஒருவர் தினமும் போய்ப் பேசட்டும். மாமா ஒன்று, சித்தப்பா ஒன்று கேட்டு வந்தால் வீட்டில்தான் குழப்பம். நேற்றைவிட இன்று எப்படி, அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள், அவ்வளவு கேட்டால் போதும்.

அவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டியதும் உண்டு. கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நாட்டு மருந்து குடித்திருந்தால் சொல்லுங்கள். அப்பா தினமும் சாராயம் எடுப்பவர் என்றால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். திடீரென்று நின்றால் கை நடுக்கம், குழப்பம், வலிப்புகூட வரலாம். காரணம் தெரியாவிட்டால் அவர்கள் வேறெங்கோ தேடுவார்கள். அப்பா கண்விழிக்கத் தொடங்கும்போது மூக்குக்கண்ணாடியையும் கொடுங்கள்.

தம்பி இனி வயலில் இறங்குவதற்கு முன் சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) அலுவலகத்துக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ (பி.எச்.ஐ.) போகட்டும். எலிக்காய்ச்சல் வராமல் இருக்க வாரத்துக்கு ஒரு தடவை எடுக்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரை அவருக்குப் பொருந்துமா என்று பார்த்துக் கொடுப்பார்கள். சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். மாத்திரை எடுத்தாலும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வயலில் நின்றவர் என்று சொல்லி அன்றைக்கே காட்டட்டும்.