ஏரிக்கு அடியில் என்ன இருக்கும்?

அன்புள்ள ஐயா,

மாற்றலாகி கிருஷ்ணகிரிக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அவதானப்பட்டி ஏரிக்குப் போயிருந்தோம். படகில் உட்கார்ந்ததும் நான்காவது படிக்கும் மகள், "இந்த ஏரிய யாருப்பா வெட்டுனது? அடியில என்ன இருக்கும்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. கூட வந்த ஒருவர் அதியமான் காலத்து ஏரி என்றார். இன்னொருவர் கே.ஆர்.பி. அணை (கிருஷ்ணகிரி அணை) கட்டியபோது உருவானது என்றார். எது சரி? நம் முன்னோர்கள் குடிமராமத்து என்று ஒற்றுமையாக ஏரிகளைக் காத்ததாகப் படித்திருக்கிறேன். இன்று இந்த மாதிரி சின்ன ஏரிகளைச் சுற்றிக் கல் பதித்து, நடைபாதையும் விளக்கும் போட்டு, வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கும்படி செய்தால் மக்களும் வருவார்கள், ஏரியும் பிழைக்கும் என்று நினைக்கிறேன். தங்கள் கருத்து?

கே., கிருஷ்ணகிரி

அன்புள்ள கே.,

போன வாரம்தான் ஊருக்குப் போய் எங்கள் ஏரியைப் பார்த்துவிட்டு வந்தேன். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் தூம்பை சிமென்ட் வைத்து அடைத்திருந்தார்கள். அந்த எரிச்சல் தீர்வதற்குள் உங்கள் கடிதம் வந்துவிட்டது. கொஞ்சம் சூடாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு இதில் பங்கில்லை. அவள் கேட்ட இரண்டும் நல்ல கேள்விகள்.

அதியமானை விட்டுவிடுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் ஒரு பழைய கல் கிடந்தால் அது அவர் நட்டது, ஒரு நெல்லிமரம் நின்றால் அவ்வைக்குக் கொடுத்த கனி அதில் காய்த்தது. பாவம், தகடூரை ஆண்ட வேலையே அவருக்குப் போதும். அணைக் கதையும் அப்படித்தான். கே.ஆர்.பி. அணை 1950களில் கட்டியது. நந்தி மலையில் பிறந்து வரும் தென்பெண்ணையை மறித்து, 52 அடிக்குத் தேக்கி, இரண்டு பக்கக் கால்வாயில் 9,012 ஏக்கருக்கு விடுவதற்கு. இந்த மண்ணில் ஏரி கட்டும் வேலை அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது. தர்மபுரியை ஒட்டிய அன்னசாகரத்துக்குப் போய்ப் பாருங்கள், பெயரிலேயே ஏரி இருக்கிறது.

யார் வெட்டியது? யாரும் வெட்டவில்லை. கிணற்றை வெட்டுவோம், ஏரியைக் கட்டுவோம். சரிவான நிலத்தில் பள்ளத்துப் பக்கம் மட்டும் பிறை மாதிரி ஒரு மண்கரை. அதற்கு வேண்டிய மண்ணைப் பெரும்பாலும் உள்ளிருந்தே எடுப்பார்கள். உள்பக்கம் அரிக்காமல் இருக்க அலைகல் அடுக்குவார்கள். மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும், மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் வரவேண்டும். படகு விடாத ஏதாவது ஓர் ஏரிக்கரையில் நின்று எதிர்ப்பக்கம் பாருங்கள். ஏரி எங்கே முடிந்தது, கொல்லை எங்கே தொடங்கியது என்று தெரியாது. நீங்கள் கல் பதிக்க ஆசைப்படுகிறீர்களே, அந்தக் கல் கடைசியில் அங்கேயும் போய் நிற்கும். அப்புறம் தண்ணீர் எப்படி வரும், லாரியிலா?

'சின்ன ஏரி' என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அரசாங்கக் கணக்கில் ஏரி பெரியதா சின்னதா என்பதை அது பிடிக்கிற தண்ணீரை வைத்துப் பார்ப்பதில்லை, நனைக்கிற நிலத்தை வைத்துத்தான் பார்க்கிறார்கள். அந்த நிலம்தான் ஆயக்கட்டு. அது 40 ஹெக்டேர், அதாவது 100 ஏக்கர் இருந்தால் முன்பு பொதுப்பணித் துறை, 2021இலிருந்து நீர்வளத் துறை. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதல்ல, எங்கே போய்ச் சேர்கிறது என்பதே கேள்வி. ஏரிக்கு உயிர் அதன் தூம்பில்தான் இருக்கிறது. நான் இத்தனை வருடமாகத் தொண்டை கிழியக் கத்துவது இது ஒன்றைத்தான்.

எங்கள் ஏரியில் இருந்தது பழைய கல்தூம்பு. கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, தண்ணீருக்குள் இரண்டு கல்தூண். கீழே தரையோடு தரையாக ஒரு கல்தொட்டி, அதன் தலையில் ஒரு ஓட்டை. ஓட்டையை ஒரு மரக்கட்டை அடைத்துக்கொண்டிருக்கும். கசியாமல் இருக்க வைக்கோலும் கந்தலும் சுற்றிய கட்டை. அதைத் திறக்க நீர்க்கட்டி, அதாவது ஏரித் தண்ணீரைத் திறந்துவிடும் ஆள், முழுகவேண்டும். அவருக்கு அப்போது அறுபது வயது இருக்கும். கோவணத்தோடு கரையில் குந்திப் பாதி பீடியை இழுப்பார். மீதியை அணைத்து அலைகல்மேல் வைப்பார். தூணைத் தழுவிக்கொண்டே இறங்குவார். தலை மறைந்ததும் பையன்கள் நாங்கள் எண்ண ஆரம்பிப்போம். இருபது. முப்பது. அடியில் கையால் தேடமாட்டாராம். "குதிகால் பட்டா கல்லு எது கட்ட எதுன்னு தெரிஞ்சிரும்" என்பார். நாற்பத்தைந்து எண்ணும்போது கரைக்கு அந்தப்பக்கம் வாய்க்காலில் குபுக்கென்று சத்தம் கேட்கும். அவர் தலை வெளியே வருவதற்குள் தண்ணீர் வயலுக்குக் கிளம்பியிருக்கும். ஏறிவந்து அந்த மீதிப் பீடியைப் பற்றவைப்பார். கை நடுங்கும். நாலைந்து தீக்குச்சி வீணாகும்.

நான் அவரை வாடா போடா என்றுதான் கூப்பிட்டேன். எனக்குப் பத்து வயது. அவர் என்னை 'சாமி' என்றார். அறுப்பு முடிந்தால் களத்துக்கு வெளியே நின்று படிநெல் வாங்கிப்போவார். களத்துக்குள் வந்து நான் பார்த்ததில்லை. அவர் திறந்துவிட்ட தண்ணீரில் விளைந்த நெல் அது. இது எனக்கு உறைக்க இன்னும் இருபது வருடம் ஆனது. அப்போது அவர் இல்லை.

ஒற்றுமை என்று எழுதியிருக்கிறீர்களே, தயவுசெய்து அந்த வார்த்தையை இங்கே கொண்டுவராதீர்கள். 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்று போட்டார்கள். கரை வேலைக்கு வழக்கப்படி வரவேண்டியவர் வராவிட்டால் பணம் வசூலிக்க. ஒற்றுமையாக ஓடிவந்தவர்களுக்குச் சட்டம் எதற்கு? ஏரி காக்கப்பட்டது உண்மை. யார் முதுகில் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

சரி, வருடம் முழுக்கத் தண்ணீர் என்ற உங்கள் ஆசைக்கு வருகிறேன். நீர்க்கட்டி சொல்வார்: "ஏரி வருசத்துல ஒருதரம் வயிறு காயணும் சாமி." பங்குனியில் எங்கள் ஏரி நடுவில் மட்டும் ஒரு குட்டையாகச் சுருங்கும். ஊரே கூடையோடு இறங்கி மீன் பிடிக்கும். சித்திரையில் தரை வெடிக்கும். பிறகு வண்டிகள் இறங்கும், வண்டலை அள்ளிக் கொல்லைக்கு அடிப்பார்கள். எரு வாங்கக் காசில்லாதவனுக்கு அதுதான் எரு. அள்ளிய இடம் ஆழமாகும். ஆகாயத்தாமரை காய்ந்து சருகாகும், வாரிக் கொளுத்தலாம். தண்ணீரிலேயே மிதந்தால் இரண்டே வாரத்தில் இரண்டு மடங்காகும் செடி அது. பெருகித் தொலைக்கும் ஜிலேபி மீனுக்கும் ஒரு கணக்குத் தீரும். ஆனி ஆடி மழை முதலில் வெடிப்பை நிரப்பும், அப்புறம்தான் நிற்கும். நம் பக்கம் மழை பிரித்துப் பிரித்துப் பெய்து ஐப்பசியில் கொட்டும். அந்த நேரத்தில் காலி வயிறோடு இருக்கும் ஏரி மழையை வாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே நிறைந்த ஏரி அப்படியே கோடியில், மிச்சத் தண்ணீர் வழிகிற இடத்தில், தள்ளிவிடும், கீழே இருக்கும் தெருவுக்கு.

எப்போதும் நிறைந்திருக்கும் ஏரியில் வண்டல் எடுக்க முடியாது. எடுக்காத வண்டல் தூம்பு வாயை மூடும். அதற்குள் கீழே எல்லோரும் ஆழ்துளைக் கிணறு போட்டிருப்பார்கள், தூம்பைப் பற்றிக் கேட்க ஆள் இருக்காது. ஆயக்கட்டு மனையாகும். எங்கள் ஊரில் இதே வரிசையில்தான் நடந்தது. கடைசியில் படகு வந்தது. படகுக்கு முழங்கால் தண்ணீர் போதாது, கசிவது நஷ்டம் என்று தூம்பில் சிமென்ட். ஏரி இப்போது பெரிய தொட்டி. கதவு என்ன செய்யும் என்று நம்மூர்க்காரர்களுக்குத் தெரியாதா? 2017 நவம்பரில் கே.ஆர்.பி. அணையில் ஒரே ஒரு ஷட்டர் உடைந்து, தேக்கிவைத்த தண்ணீர் ஆற்றோடு போனதே. அங்கே கதவு உடைந்தது. இங்கே கதவையே புதைத்துவிட்டார்கள். இதற்கு மட்டும் யாரும் பதறவில்லை.

போன வாரம் பார்த்தபோது அந்தக் கல்தூண் இரண்டும் அப்படியே நின்றன. அன்னப்பறவை முகம் வைத்த ஒரு மிதிபடகை அதில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பேரன் அடம்பிடித்தான், நானும் ஏறினேன். அவன் கால் எட்டவில்லை, நான்தான் மிதித்தேன். முக்குளிப்பான் பறவை ஒன்று எங்களுக்கு முன்னால் முழுகி, எதிர்பார்த்த இடத்தில் எழாமல் வேறெங்கோ எழுந்தது. அவன் சிரித்த சிரிப்பு. நன்றாகத்தான் இருந்தது. படகே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏழெட்டு மாதம் விடட்டும். கோடையில் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டுப் பெயின்ட் அடிக்கட்டும். இதைச் சொன்னதற்கு ஊரில் என்னைச் சிரித்தார்கள், நீங்களும் சிரியுங்கள்.

விளக்கு பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மாலையில் கூட்டிக்கொண்டு போய் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வாருங்கள்.

மகளிடம், அடியில் ஒரு ஓட்டையும் அதை அடைத்த ஒரு கட்டையும் இருந்தன என்று சொல்லுங்கள். அதை எப்படித் திறப்பார்கள் என்று கட்டாயம் கேட்பாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நாற்பத்தைந்து வரை எண்ணச் சொல்லுங்கள். மெதுவாக.