அயர்லாந்து கிராமங்களில் இன்னும் ஃபேரிகளை, அதாவது கண்ணுக்குத் தெரியாத மாய மக்களை, நம்புகிறார்களா?

நேராகக் கேட்டால் பெரும்பாலும் "சேச்சே, அதெல்லாம் இல்லை" என்பார்கள். ஆனால் நான் வசிக்கும் மேற்கு அயர்லாந்தின் கிளேர் பகுதியில், வயல் நடுவே ஃபேரிகள் குடியிருப்பதாகச் சொல்லப்படும் 'ஃபேரி கோட்டை'யை இடித்துத் தரச் சொல்லிப் பாருங்கள். ஜேசிபி வைத்திருப்பவர்கூடத் தயங்குவார்.

கோட்டை என்றதும் கல் மதில் என்று நினைக்க வேண்டாம். வட்டமான மண்கரை, வெளியே பள்ளம், மேலே முள்மரங்கள், அவ்வளவுதான். பெரும்பாலானவை கி.பி. 500க்கும் 1000க்கும் இடையில் விவசாயக் குடும்பங்கள் மாடு கன்றுகளோடு வாழ்ந்த இடங்கள். நாடு முழுக்க 40,000க்கு மேல் அறியப்பட்டிருக்கின்றன. இத்தனை தப்பிப் பிழைத்ததற்குச் சட்டத்தைவிட ஃபேரிகள் மீதான பயமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். கரையை வெட்டினால் மாடு சாகும், கை விளங்காமல் போகும் என்று ஊருக்கு ஊர் ஒரு கதை இருக்கிறது. அதனால் டிராக்டர் வளைந்து போகிறது.

1999இல் இங்கே லட்டூனில் புதிய சாலை போடும்போது ஒரு முள்மரம் குறுக்கே வந்தது. தெற்கு மாகாணமான மன்ஸ்டரின் ஃபேரிகள் மேற்கு மாகாணமான கொனாக்டின் ஃபேரிகளோடு போருக்குப் போகுமுன் கூடும் இடம் அது என்று கதைசொல்லி எடி லெனிஹன் எதிர்ப்புக் குரல் கொடுத்தார். மரத்தை விட்டுவைத்துத்தான் சாலை போட்டார்கள். 2002இல் யாரோ ரம்பத்தால் கிளைகளை வெட்டினார்கள், மறுபடி துளிர்த்துவிட்டது.

அன்றாட வாழ்க்கையிலும் பழைய வழக்கங்கள் இருக்கின்றன. படர்தாமரைக்கோ அக்கிக்கோ டாக்டரைப் பார்த்த கையோடு, பரம்பரையாகக் குணமாக்கும் 'கை' உள்ளவரிடமும் போவார்கள். அவர் காசு வாங்கமாட்டார். சில இடங்களில் நன்றி சொல்வதும் கூடாது. மரணச் செய்தியை உள்ளூர் வானொலியில் வாசிப்பார்கள். கேட்டதும் பக்கத்து வீட்டார் சாண்ட்விச்சும் கேக்கும் செய்துகொண்டு கிளம்பிவிடுவார்கள். முன்பின் பழகாதவர்கூட வரிசையில் நின்று கைகொடுத்து, "உங்கள் துக்கத்துக்கு வருந்துகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்தது இதுதான்.

இங்கே வந்தால் ஃபேரி பற்றிப் பேச்செடுக்காதீர்கள். வயல்களின் பெயரைக் கேளுங்கள், கதை தானாக வரும். அப்புறம், 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 பள்ளிகளின் குழந்தைகள் தாத்தா பாட்டிகளிடம் கேட்டு எழுதிய கதைகள் 'தூஹஸ்' (duchas.ie) என்ற நாட்டுப்புறவியல் இணையதளத்தில் இலவசமாக இருக்கின்றன. ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடலாம். வெண்ணெய் கடைந்தது, மழைக்குறி, கைவைத்தியம், பேய்க்கதை எல்லாம் குழந்தைகளின் கையெழுத்திலேயே படிக்கக் கிடைக்கும்.