என் கைவண்ணம் திரையிலும் தெரிய வேண்டுமா?

வாசகர் கேள்வி: பல வருடங்களாக என் உடைகளை நானே தைத்துப் போடுகிறேன். பார்த்ததுமே "இது உன் தையல்தானே" என்பார்கள். இப்போது செயலிகளுக்குத் திரை வடிவமைக்கக் கற்றுவருகிறேன். அதிலும் என் பாணி தெரிய வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தால், "அழகாக இருக்கிறது, ஆனால் எங்கே தட்டுவது என்றுதான் தெரியவில்லை" என்கிறார்கள். என் பாணியை விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: விட வேண்டாம். அதை எந்த இடத்தில் வைப்பது என்பதுதான் கேள்வி. தைக்கத் தெரிந்த உங்களுக்கு இது சீக்கிரமே பிடிபடும்.

உங்களுக்கு நீங்களே சட்டை தைக்கும்போது அளவு எடுப்பதும் தைப்பதும் போட்டுப் பார்ப்பதும் நீங்கள்தான். தோள் இறங்கியிருந்தால் உங்களுக்கே உறுத்தும், உடனே பிரித்துவிடுவீர்கள். திரையில் அந்த உறுத்தல் வராது. எந்தப் படத்தைத் தட்டினால் என்ன வரும் என்பது வரைந்தவருக்கு முன்பே தெரியும். அதனால் உங்கள் திரை உங்களுக்கு எப்போதும் கச்சிதமாகவே இருக்கும். மற்றவர்களுக்கு அது உங்கள் அளவில் தைத்த சட்டை.

சரி, யாருடைய அளவை எடுப்பது? 'சராசரி பயனர்' என்று ஒருவரைக் கற்பனை செய்யத் தோன்றும். அங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். அமெரிக்க விமானப்படையில் பணியாற்றிய கில்பர்ட் டேனியல்ஸ் 4,063 விமானிகளின் உடலளவுகளில் 10 அளவுகளை எடுத்துச் சராசரியோடு ஒப்பிட்டார். நடுவில் வரும் 30 சதவீதம் பேரைச் சராசரி என்று தாராளமாகவே கணக்கில் வைத்தார். அப்படியும் பத்து அளவிலும் சராசரியாக இருந்தவர் ஒருவர்கூட இல்லை. 1952இல் அவருடைய அறிக்கை வந்தது. விமானி அறையில் இருக்கையையும் மிதிகளையும் ஆளுக்கேற்ப நகர்த்திக்கொள்ளும்படி அமைக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த ஆய்வால்தான் வலுப்பெற்றது. இடுப்பில் நாடாவோ எலாஸ்டிக்கோ வைக்கும்போது நீங்கள் செய்வதும் அதைத்தான். திரையில் அதற்கு ஈடு என்னவென்றால், ஒருவர் தன் கைபேசியில் எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் உங்கள் அமைப்பு குலையாமல் நிற்பது.

அப்புறம் காஜா. பொத்தானின் அகலத்தோடு அதன் தடிமனையும் கூட்டித்தானே காஜா எடுப்போம்? தொடுதிரையிலும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியும் படம் சிறியதாக இருக்கலாம், விரல் படும் இடம் அதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு வழிகாட்டி தட்டும் பரப்புக்கு 48 அலகு சொல்கிறது, ஆப்பிள் 44. இணையப் பக்கங்களின் அணுகல்தன்மைக்கான 2023 நெறிமுறை குறைந்தபட்சம் 24 பிக்ஸல் கேட்கிறது. உங்கள் மெல்லிய படத்தை 24 அலகிலேயே வைத்துக்கொள்ளுங்கள், சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தைச் சேர்த்து 48 ஆக்குங்கள். அழகு அப்படியே இருக்கும், விரலும் தடுமாறாது.

தமிழில் வடிவமைப்பவர்கள் தையலுக்கு விடும் துணியையும் மறந்துவிடக் கூடாது. ஆங்கிலச் சொல்லின் நீளத்துக்கு வரைந்த பெட்டியில் 'அறிவிப்புகள்' அடங்காது. 'மூ' போன்ற எழுத்துகளின் அடிச்சுழி, வரிகள் நெருக்கமாக இருந்தால் வெட்டுப்படும். பக்கவாட்டிலும் கீழேயும் கொஞ்சம் விட்டே வெட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது மாதிரித் தையலைத்தான். நல்ல துணியில் கத்திரி வைக்கும் முன் பழைய துணியில் ஓட்டுத்தையல் போட்டுப் பார்ப்பீர்கள் இல்லையா? திரைக்குக் காகிதம் போதும். பென்சிலால் வரைந்து ஒருவர் கையில் கொடுத்து, "ஒரு குறிப்பு எழுதிச் சேமியுங்கள்" என்று ஒரு வேலை சொல்லுங்கள். பிறகு வாயைத் திறக்காதீர்கள். இது கடினம், ஆனால் இதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒருமுறை நான் சேமிப்பதற்கு ஓர் இலையை வரைந்திருந்தேன். எனக்கு அது மிகவும் பிடித்த படம். சோதித்துப் பார்த்தவரின் கட்டைவிரல் இலைக்கும் பின்செல்லும் அம்புக்குறிக்கும் நடுவில் இரண்டு முறை போய்ப்போய் வந்தது. பிறகு காகிதத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவருக்குக் காகிதத்தில் விடை கிடைக்கவில்லை என்று அந்தப் பார்வையே சொல்லிவிட்டது. அன்றைக்கே இலைக்குக் கீழே 'சேமி' என்று எழுதினேன். இலை இன்றும் இருக்கிறது.

எத்தனை பேரிடம் சோதிப்பது? ஒரு சுற்றுக்கு ஐந்து பேர் போதும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். பெரிய குறைகள் அதற்குள்ளேயே வெளிப்பட்டுவிடும் என்பது என் அனுபவமும்கூட. திருத்திவிட்டு வேறு ஐந்து பேரிடம் போங்கள்.

இனி உங்கள் பாணிக்கு வருகிறேன். கை நுழையும் இடம், தலை நுழையும் இடம், பை இருக்கும் இடம் ஆகியவற்றில் விளையாடாதீர்கள். பின்செல்லும் பொத்தான், தேடல், சேமிப்பு ஆகியவை பழகிய இடத்தில் பழகிய பெயரோடு இருக்கட்டும். நிறம் உங்களுடையது, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டு விகிதம் (contrast ratio) மட்டும் 4.5:1க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்துரு, இடைவெளி, ஓரங்களின் வளைவு எல்லாம் உங்களுடையவை.

ஆனால் கைத்தையலை நான் அடையாளம் காண்பது உடையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துத்தான். லைனிங் எப்படி, ஓரம் எப்படி மடிக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பேன். திரைக்கும் ஓர் உள்பக்கம் உண்டு: இன்னும் எதுவும் சேர்க்காத வெற்றுப் பக்கம், காத்திருக்கும் நேரம், பிழைச் செய்தி. 'பிழை ஏற்பட்டது' என்று எந்தச் செயலியும் சொல்லும். 'இணைப்பு போய்விட்டது. நீங்கள் எழுதியது கைபேசியில் பத்திரமாக இருக்கிறது, இணைப்பு வந்ததும் நாமே அனுப்பிவிடுவோம்' என்று எழுதி, அதை உண்மையிலேயே செய்தும் காட்டினால் அது உங்கள் தையல். முதலில் அந்தப் பக்கங்களை எடுத்துத் திருத்துங்கள். அவை உங்களிடம் இன்னும் வரையப்படாமலே இருக்கக்கூடும். பெரும்பாலான தொடக்கநிலைத் திட்டங்களில் நான் கண்டது அதுதான்.