ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும் முறுக்கு

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர். எனக்கு வயது 43. பலகாரம் போட்டுக்கொடுக்கும் ஒரு ஆச்சியிடம் இரண்டு மாதமாகக் கை முறுக்குப் பழகுகிறேன். ஞாயிறுதோறும் நாலு மணி நேரம் உட்காருவேன். மதியத்துக்குள் ஐந்து சுற்று அழகாக வந்துவிடும். அடுத்த வாரம் போனால் பழைய குருடி கதவைத் திறடி. ‘விரலைப் பார்த்துச் சுத்து’ என்று ஆச்சி கடிகிறார். இந்த வயதில் கை படியாதா?

பதில்: கையில் குறை இல்லை சகோதரி, கிழமையில்தான் குறை.

மதியத்துக்குள் வரும் அழகு, அந்த நேரத்துச் சூட்டில் வருவது. முந்தைய முறுக்கு விரலில் இருக்கும்போதே அடுத்ததைச் சுற்றுகிறீர்கள், வராமல் என்ன செய்யும்? மறுநாள் காலையில் முதல் முறுக்கு எப்படி வருகிறதோ அதைக் கணக்கில் எடுங்கள்.

பிரிட்டனில் தபால்காரர்களுக்குத் தட்டச்சுப் பழக்கியதை வைத்து பேட்லி, லாங்மேன் என்ற இருவர் 1978-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தினம் ஒரு மணி நேரம் பழகியவர்களுக்கு, தினம் நாலு மணி நேரம் பழகியவர்களைவிட மொத்தத்தில் குறைந்த மணி நேரமே தேவைப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அதிகம் முணுமுணுத்ததும் இந்த ஒரு மணி நேரக்காரர்கள்தான். நாள் கணக்கில் பார்த்தால் அவர்களுக்குத்தானே இழுத்தது!

அதனால் ஞாயிறு இருக்கட்டும், வீட்டிலும் தினம் அரை மணி உட்காருங்கள். ஓர் ஆழாக்கு மாவு போதும். பொரிக்கக்கூட வேண்டாம், வெள்ளைத் துணியில் சுற்றி, கலைத்து, மறுபடி சுற்றலாம். மிச்ச மாவை ஈரத் துணியால் மூடி வையுங்கள், காய்ந்தால் திரி விரிசல் விடும். மூன்று சுற்று, ஐந்து சுற்று, ஏழு சுற்று என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். அன்றைக்குத் தடுமாறும், போகட்டும்.

ஒரு நாள் மாவு இளகலாக இருக்கும், ஒரு நாள் கெட்டியாக. அதற்கும் சலிக்காதீர்கள். 1920-களில் மாஸ்கோவில் பெர்ன்ஸ்டீன் என்பவர் தேர்ந்த தொழிலாளர்கள் சுத்தியல் அடிப்பதைப் படமெடுத்துப் பார்த்தார். அடி சரியான இடத்தில் விழுந்தது, ஆனால் கை ஒவ்வொரு முறையும் சற்றே வேறு வழியில் போயிருந்தது. தேர்ந்த கை ஒரே அசைவைத் திருப்பிச் செய்வதில்லை, அந்தந்த நேரத்துக்குத் தக்கபடி சரிசெய்துகொள்கிறது. மாவின் பதம் மாறினால்தான் உங்கள் கைக்கும் அது பழகும்.

ஆச்சி சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஏற்கமாட்டேன். விரலைப் பார்த்தால் விரல் விறைக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து இறங்கும் திரியைப் பாருங்கள், அதில் முறுக்கு சீராக விழுகிறதா என்று. பனிச்சறுக்கு மாதிரியான ஒரு கருவியில் கபிரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் சோதித்து 1998-ல் எழுதினார்கள்: தன் காலில் கவனம் வைத்தவர்களைவிட, கருவியின் சக்கரத்தில் கவனம் வைத்தவர்கள் நன்றாகக் கற்றார்கள்.

ஆச்சியையே கவனியுங்களேன். வாசலில் போகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தபடிதான் சுற்றுவார். அவர் கை செய்வது அவர் வாய்க்குத் தெரியாது, கேட்டுப் பயனில்லை. எதிரே உட்காராமல், அவருக்குப் பக்கத்தில் அதே திசை பார்த்து உட்காருங்கள். எதிரே இருந்தால் அவருடைய வலம் உங்களுக்கு இடம்.

43-ல் நாள் கொஞ்சம் கூடப் பிடிக்கலாம், படியும். ஆச்சி ‘விரலைப் பார்’ என்றால், சரி ஆச்சி என்று சொல்லிவிட்டுத் திரியைப் பாருங்கள்.