சில கணினிகளுக்கு மட்டும் வேறு வரிசை ஐபி வருவது

வணக்கம். உங்கள் டிஎச்சிபி சர்வர் (கணினிகளுக்குத் தானாக ஐபி முகவரி வழங்குவது) 192.168.10 வரிசையில் கொடுத்தும் சில கணினிகள் 192.168.1 வரிசையில் வாங்குகின்றன என்கிறீர்கள். உங்கள் அமைப்பில் தவறில்லை. அதே நெட்வொர்க்கில் இன்னொரு டிஎச்சிபி சர்வர் ஓடுகிறது. கணினி பொதுவாக முதலில் பதில் சொல்பவரிடமே முகவரியை வாங்கிக்கொள்ளும். அதனால்தான் ஒரு நாள் சரி, மறுநாள் தகராறு.

சிக்கிய விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக் /ஆல்' (ipconfig /all) கொடுங்கள். 'டிஎச்சிபி சர்வர்' வரியில் இருப்பதுதான் அந்த இன்னொரு சர்வரின் முகவரி. 'ஏஆர்பி -ஏ' (arp -a) கொடுத்து அதன் மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் முகவரி) எடுத்து, நெட்வொர்க் ஸ்விட்சில் அது எந்த போர்ட்டில் இருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் யாரோ லேன் போர்ட்டில் வயரைச் செருகிய வைஃபை ரவுட்டராக இருக்கும். எனக்கும் இதில் இரண்டு நாள் போனது.

அந்த ரவுட்டரில் டிஎச்சிபியை அணையுங்கள். அப்புறம், ஸ்விட்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் வசதி (நம்பகமானதாகக் குறிக்காத போர்ட்டிலிருந்து வரும் டிஎச்சிபி சர்வர் பதில்களைத் தடுப்பது) இருந்தால், உங்கள் சர்வர் இருக்கும் போர்ட்டை முதலில் நம்பகமானதாகக் குறித்துவிட்டு அந்த வசதியை இயக்குங்கள்.